பாடமா, கோத்ததா, புதிதா? சேலத்துக் கூத்தையும் கச்சேரியையும் பற்றி எழுத வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் நடக்கும் ஒரு கூத்தைப் பற்றியோ கச்சேரியைப் பற்றியோ கவியரங்கத்தைப் பற்றியோ எழுதும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது. அழைப்பிதழாக இருக்கலாம், ஒலிப்பதிவோடு வைக்கும் விவரத்தாளாக இருக்கலாம், மூத்த கலைஞர் ஒருவருக்கான விருது விண்ணப்பமாகவும் இருக்கலாம். எழுத உட்கார்ந்ததும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். முன்கூட்டி எழுதி வைக்காமல், மேடையில் அந்த நேரத்திலேயே பிறந்ததை எந்தச் சொல்லால் எழுதுவது?

"திடீரென்று பாடினார்" என்று எழுதினால் பாடியவர் வருத்தப்படுவார். முப்பது வருடப் பயிற்சி அந்த ஒரு சொல்லில் காணாமல் போகிறது. எல்லாவற்றுக்கும் கச்சேரிக்காரர்கள் சொல்லும் "மனோதர்மம்" என்ற சொல்லையே போட்டால், கூத்து வாத்தியார் அதை வேறு யாரையோ பற்றியது என்று எடுத்துக்கொள்வார். கீழே உள்ள வரிசைப்படி போனால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

1. எந்தத் தாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

அழைப்பிதழ் நிகழ்ச்சிக்கு முன்பே அச்சுக்குப் போகிறது. இனிமேல் பிறக்கப் போவதை அதில் எழுத முடியாது. எந்த வடிவம் நடக்கும் என்பதை மட்டும் எழுதலாம். "ராகம் தானம் பல்லவி" என்று போடுங்கள். ராகத்தின் பெயரைப் பாடகரைக் கேட்காமல் போடாதீர்கள். அன்றைய குரலையும் அரங்கையும் பார்த்து மேடையில்தான் பலர் அதை முடிவு செய்வார்கள். "கோமாளியின் நகைச்சுவை உண்டு" என்று போடலாம், எதைப் பற்றிப் பேசுவார் என்று போடக் கூடாது.

விவரத்தாள் நிகழ்ச்சிக்குப் பிறகு எழுதுவது. எந்த நிமிடத்தில் யார் என்ன செய்தார், அதில் எது அன்று பிறந்தது என்று பிரித்துக் காட்ட வேண்டும். உழைப்பு முழுவதும் இதில்தான் போகும்.

விண்ணப்பத்துக்கு வேறு கணக்கு. அங்கே கலையின் பெயர் அரசு ஏற்ற பெயராக இருக்க வேண்டும், நுட்பம் அதற்குப் பிறகு வர வேண்டும். இதைப் பத்தாவது படியில் பார்ப்போம்.

நேரத்தை இப்படித் திட்டமிடுங்கள். பேச்சு மட்டும் உள்ள ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். மேளம் மேலே விழும் கூத்துப் பதிவுக்கு இன்னும் கூடும். விடிய விடிய நடக்கும் எட்டு மணி நேரக் கூத்தை முழுவதும் எழுத்தாக்குவதென்றால் ஒரு ஆளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் வேலை இருக்கிறது. அவ்வளவு நாள் கையில் இல்லையென்றால், பாட்டுகளின் முதல் அடியை மட்டும் குறித்துவிட்டுப் பேச்சுப் பகுதிகளை முழுவதும் எழுதுங்கள். பாட்டு எப்படியும் ஏட்டில் கிடைக்கும். பேச்சு வேறெங்கும் கிடைக்காது.

2. நான்கு குறிகள் போடுங்கள்

வேலையின் அடித்தளம் இதுதான். "முன்பே இருந்தது, அப்போது வந்தது" என்று இரண்டாகப் பிரிக்கப் போனால் தவறிவிடும். நடுவில் இன்னொரு அடுக்கு இருக்கிறது, அதுதான் மூன்றிலும் பெரியது. குறிப்பேட்டின் ஓரத்தில் இந்த எழுத்துகளைப் போடுங்கள்:

பா: பாடம். ஏட்டில் உள்ளது, மனப்பாடம் செய்தது, வாத்தியார் சொல்லிக் கொடுத்தபடியே வந்தது.

கோ: கோத்தது. துண்டுகள் கைவசம் இருந்தவை. எதை எடுப்பது, எந்த இடத்தில் வைப்பது, யாருடைய பெயரைப் போடுவது என்பது அன்றைக்கு முடிவானது.

பு: புதிது. அந்த மேடையில், அந்த ஆட்கள் முன்னால் பிறந்தது.

கே: கேட்க வேண்டும். உங்களுக்குத் தெரியவில்லை.

முதல் முறை வேலை செய்பவர்களின் தாளில் "பு" நிறைந்திருக்கும். அனுபவம் கூடக்கூட அவற்றில் பாதி "கோ" ஆகிவிடும். இதனால் கலைஞரின் மதிப்பு குறைந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். சரியான துண்டைச் சரியான நொடியில் எடுப்பதே இந்தக் கலைகளின் திறமை. அதைத் "புதிதாகப் புனைந்தார்" என்று எழுதுவது பொய். "பாடத்தை ஒப்பித்தார்" என்று எழுதுவது அதைவிடப் பெரிய பொய்.

"கே" போட்ட இடங்களை மூன்று நாளுக்குள் கலைஞரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு வாரம் போனால் அடுத்த ஊர்க் கூத்து வந்து நினைவு கலந்துவிடும். கேட்கும் முறையும் முக்கியம். "நீங்கள் கற்பனையாகப் பேசினீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால் மரியாதைக்கு "ஆமாங்க" என்பார்கள். இடத்தைச் சொல்லிக் கேளுங்கள்: "வாத்தியாரே, அந்தத் தண்ணிக் கொழா விசயம் பேசினீங்களே, அது எப்பவும் பேசுறதுங்களா, இந்த ஊருக்குன்னு வந்ததுங்களா?" பதிலும் அதே துல்லியத்தில் வரும்.

3. பொதுச் சொற்களில் உள்ள பள்ளங்கள்

இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பார்வைக்குத் தெரியும். மாற்றிப் போட்டால் பொருள் கெடும்.

தற்செயலாக: யாரும் நினைக்காமல் நடந்தது. ஒலிபெருக்கி நின்றுபோனது தற்செயல். அது நின்றதும் பாடகர் விருத்தம் எடுத்துக் கூட்டத்தைப் பிடித்து வைத்தது தற்செயல் இல்லை, அது சமயோசிதம்.

தன்னிச்சையாக: யாரையும் கேட்காமல், தன் விருப்பப்படி என்ற பொருள் முன்னே நிற்கிறது. "தன்னிச்சையாக முடிவெடுத்தார்" என்பது குற்றச்சாட்டு. கலைக்கு இந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது.

தன்னெழுச்சியாக: கூட்டம் தானாகத் திரளும்போது சொல்வது. பார்வையாளர்கள் எழுந்து கும்மி கொட்டத் தொடங்கினால் இந்தச் சொல் பொருந்தும். தனி வித்வானின் ஸ்வரத்துக்குப் பொருந்தாது.

வாய்க்கு வந்தபடி: இதை எழுதவே எழுதாதீர்கள். திட்டுவதற்குச் சொல்வது. "வாயில் வந்தது", "வாக்கில் வந்தது" என்று கலைஞர்கள் சொல்லும்போது பெருமிதம் இருக்கும். ஒரு உருபு மாறியதும் அது வசையாகிறது.

இட்டுக்கட்டி: இரண்டு முனை உள்ள சொல். "இட்டுக்கட்டிப் பாடினாள்" என்றால் பாட்டைப் புனைந்து பாடினாள். "இட்டுக்கட்டிச் சொன்னாள்" என்றால் பொய். பாட்டு, மெட்டு, அடி என்று ஏதாவது ஒரு சொல் பக்கத்தில் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

கைச்சரக்கு, சொந்தச் சரக்கு: பேச்சில் இனிக்கும். எழுத்தில், மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டார் என்ற குறை தொனிக்கும். கலைஞர் தாமே சொன்னால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

ஒத்திகை இல்லாமல்: நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும். ஒத்திகை பார்த்த நிகழ்ச்சியிலும் புதிது பிறக்கும், பார்க்காத நிகழ்ச்சி முழுக்கப் பாடமாகவும் இருக்கும். இரண்டுக்கும் முடிச்சு இல்லை.

பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் "அந்த இடத்தில் பிறந்தது", "அப்போதே கட்டியது", "மேடையிலேயே அமைத்தது" போன்ற வினைகள் போதும். பெயர்ச்சொல்லைத் தேடி அலைவதைவிட வினையைச் சரியாகப் போடுவது எளிது.

4. கச்சேரி: சொற்கள் தயாராக உள்ளன, கலக்காமல் எழுதுங்கள்

கர்நாடக இசையில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. முன்பே இயற்றப்பட்டது கல்பிதம்: வர்ணம், கீர்த்தனை, தில்லானா. மேடையில் விரிவது மனோதர்மம். அதன் உள்ளே உள்ளவற்றைத் தனித்தனிப் பெயரிட்டு எழுதுங்கள்.

ஆலாபனையில் தாளமும் இல்லை, பாட்டின் சொற்களும் இல்லை. ராகம் மட்டும் விரியும். தானத்தில் தாளக்கட்டு இல்லை, ஆனால் உள்ளே ஒரு துடிப்பான லயம் ஓடும். நிரவலில் சாகித்யத்தின் ஒரு வரி அப்படியே நிற்கும், சொற்கள் தாளத்தில் ஏறத்தாழ அதே இடத்தில் விழும், இசை மட்டும் மாறிக்கொண்டே போகும். கல்பனாஸ்வரத்தில் ஸ்வரப் பெயர்களைப் பாடி, எடுத்துக்கொண்ட வரியின் எடுப்புக்கு, அதாவது அந்த வரி தாளத்தில் தொடங்கும் இடத்துக்கு, வந்து சேர வேண்டும். தனி ஆவர்த்தனம் தாள வாத்தியங்களுக்கு உரியது.

புதியவர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, சிட்டைஸ்வரம். அதுவும் ஸ்வரம்தான், காதுக்குக் கல்பனாஸ்வரம் மாதிரியே இருக்கும்; ஆனால் அது பாட்டோடு சேர்த்து இயற்றப்பட்டது. பாடகரும் வயலினும் ஒரு எழுத்து பிசகாமல் சேர்ந்து வாசித்தால் அது சிட்டைஸ்வரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கல்பனாஸ்வரத்தில் பாடகர் பாடி முடித்த பிறகு வயலின் தன் பங்கை வாசிக்கும்.

இரண்டாவது, கோர்வை, அதாவது முடிவில் வரும் தாளக் கணக்கு. ஸ்வரமும் தனியும் கோர்வையில் முடியும்போது அரங்கம் கைதட்டும், எழுதுபவரும் "அந்த நொடியில் பிறந்த கணக்கு" என்று எழுதிவிடுவார். பல கோர்வைகள் வீட்டில் போட்ட கணக்குகள். மேடையிலேயே கணக்குப் போடுபவர்களும் இருக்கிறார்கள். இது எப்போதும் "கே" குறிக்கு உரியது. "கணக்கு முன்பே போட்டதா சார்?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, பல்லவி. ராகமும் தானமும் மனோதர்மம். பல்லவியின் வரி பெரும்பாலும் தயாராக வந்தது. அதைக் காலம் (வேகம்) மாற்றியும் நிரவல் செய்தும் ஸ்வரம் போட்டும் விரிப்பதுதான் அன்றைய வேலை. ஆகவே "பல்லவியைப் புனைந்து பாடினார்" என்று போடாமல் "பல்லவியை விரித்தார்" என்று போடுங்கள்.

ஒரு வரியைத் திருத்திக் காட்டுகிறேன். "வித்வான் கல்யாணியைத் தன் கற்பனையில் அருமையாகப் பாடினார்" என்பதில் தகவலே இல்லை. "கல்யாணி ஆலாபனை 18 நிமிடம், வயலின் 7 நிமிடம், அனுபல்லவி வரியில் நிரவல், இரண்டு காலம், ஸ்வரம் அதே வரிக்கு, முடிவுக் கோர்வை வீட்டில் போட்டது" என்று எழுதினால், பதிவைக் கேட்காதவருக்கும் அந்த மேடை தெரியும்.

5. கூத்து: இங்கே நிதானமாக இருங்கள்

சேலம் மாவட்டத்தில் எழுத வருகிறவருக்கு அதிகம் கிடைப்பதும், அதிகம் தவறாக எழுதப்படுவதும் கூத்துதான். கதை ஊருக்கே தெரிந்த பாரதக் கதையாகவோ ராமாயணக் கதையாகவோ இருக்கும். விருத்தமும் பாட்டும் ஏட்டில் இருக்கும், வாத்தியார் சொல்லிக் கொடுத்திருப்பார். வசனத்தின் போக்கு பாடம், அதன் நீளம் அன்றைய முடிவு. கோமாளியின் பேச்சில்தான் பெரும்பகுதி "கோ", சில இடங்கள் "பு".

இதில் வேடிக்கை பார்க்க வருகிறவர் கவனிக்காத ஒன்று உண்டு. மேடையில் ஏதாவது ஒரு காத்திருப்பு நேரும்போதுதான் புதிது அதிகம் பிறக்கிறது. அடுத்த வேஷம் கட்டி முடியவில்லை, மிருதங்கம் சுருதி இறங்கிவிட்டது, அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரை அறிவிக்க வேண்டும். இந்த இடைவெளிகளைக் கோமாளி இழுத்துப் பிடிப்பார். ஊர்ப் பேருந்து, ரேஷன் கடை, முன்வரிசையில் தூங்குகிற பெரியவர் என்று எல்லாம் பேச்சுக்குள் வரும். பல பதிவாளர்கள் "கதை நின்றுவிட்டது" என்று இந்த நேரத்தில் கருவியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். இரவின் மிக அரிய பகுதி அப்படித்தான் போகிறது. கருவியை அணைக்காதீர்கள்.

சொற்களில் கவனம் வேண்டியவை:

கட்டியங்காரன் என்பதா, கோமாளி என்பதா? குழு தன்னை எப்படிச் சொல்கிறதோ அப்படி. ஊருக்கு ஊர் மாறும், நாமாக ஒன்றைப் பொதுவாக்கக் கூடாது.

விருத்தம் என்ற சொல்லுக்கு மூன்று இடத்தில் மூன்று வேலை. யாப்பில் ஆசிரிய விருத்தம் என்பது பாவினம், எழுதப்பட்ட செய்யுள். கச்சேரியில் விருத்தம் என்றால் ஒரு செய்யுளைத் தாளமில்லாமல் ராகம் ராகமாகப் பாடுவது. சொற்கள் பாடம், இசை மனோதர்மம். கூத்தில் விருத்தம் என்றால் பாத்திரம் பாட்டுக்கு முன்போ பின்போ இழுத்துப் பாடும் பகுதி. சொற்களும் மெட்டின் பாதையும் பெரும்பாலும் பாடம். "விருத்தம் பாடினார்" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் தம் துறைக்கு ஏற்பப் புரிந்துகொள்வார்.

தர்க்கம்: இரண்டு பாத்திரங்கள் பாட்டிலும் வசனத்திலும் மோதுவது. பாட்டுத் தர்க்கம் பாடம். வசனத் தர்க்கத்தில் எதிராளி எதிர்பாராத கேள்வி ஒன்றை வீசினால், அதற்கான பதில் "பு". இந்த இடத்தில் கேள்வி கேட்டவரின் பெயரையும் எழுதுங்கள். பதில் சொன்னவரின் பெயரை மட்டும் எழுதுவது பாதிக் கணக்கு.

பின்பாட்டுக்காரர்களையும் மறக்க வேண்டாம். நடிகர் அடி மறந்தால் அவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். அப்படி நடந்ததைத் "தவறு" என்று எழுதாமல் "பின்பாட்டு எடுத்துக் கொடுத்தது" என்று நேரத்தோடு குறியுங்கள்.

6. ஒப்பாரி, எசப்பாட்டு, உடுக்கைப் பாட்டு

ஒப்பாரி பாடும் பெண்ணிடம் நூற்றுக்கணக்கான அடிகள் கைவசம் இருக்கும். இறந்தவர் தகப்பனா, மகனா, கட்டியவனா என்பதைப் பொறுத்து அடி மாறும்; உறவு, ஊர், தொழில், அவர் கட்டிய வீடு எல்லாம் உள்ளே வந்து உட்காரும். இது "கோ" குறிக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. "எழுதப்படாத பாட்டு" என்று எழுதுங்கள், "யோசிக்காமல் பாடியது" என்று எழுதாதீர்கள். துக்க வீட்டில் பதிவுக் கருவியை எடுப்பதற்கு முன் குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். சம்மதம் கிடைத்தாலும் பெயர்களை வெளியிடாமல் "இறந்தவர் பெயர்" என்று அடைப்புக்குள் போடுவதே முறை.

எசப்பாட்டில் ஒருவர் விட்ட அடிக்கு இன்னொருவர் பதில் கட்ட வேண்டும். முதல் சுற்று பெரும்பாலும் தெரிந்த அடிகள், மூன்று நான்கு சுற்றுக்குப் பிறகுதான் சரக்கு தீர்ந்து புதிது வரும். எத்தனையாவது சுற்றில் என்று எண் போடுங்கள். லாவணியும் எதிர்க்கேள்வி வடிவம்தான், ஆனால் அங்கே மன்மதன் எரிந்தான் என்னும் எரிந்த கட்சி, எரியவில்லை என்னும் எரியாத கட்சி என்று நிலைப்பாடு முன்பே பிரிந்திருக்கும்.

கொங்குப் பக்கத்து உடுக்கைப் பாட்டில் கதைப் பாடகர் அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் பாடுவார். கதை ஒன்றுதான், நீட்டுவதும் சுருக்குவதும் அன்றைய கூட்டத்தைப் பார்த்து. "இன்று சுருக்கிப் பாடினார்" என்பதும் தகவல், அதை எழுதுங்கள்.

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களிடம் பாட்டுப் பதிவு செய்யப் போனால், கீழ்நாட்டுப் பெயர்களை ஒட்டாதீர்கள். அந்தப் பாட்டுக்கு அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்களோ அதை, சொன்னவரின் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.

7. ஆசுகவி, கவனகம்

ஆசுகவி என்றால் பொருளையோ பா வகையையோ அடியையோ இன்னொருவர் கொடுக்க, கொடுத்த மாத்திரத்தில் பாடுவது. கொடுப்பவர் இல்லாமல் ஆசுகவி இல்லை. ஆகவே விவரத்தாளில் மூன்று தகவல் கட்டாயம்: யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், எவ்வளவு நேரத்தில் பாட்டு வந்தது.

ஈற்றடி கொடுப்பதில்தான் ஏமாற்றம் நிறைய. வெண்பாவின் ஈற்றடியில் மூன்று சீர். அதைக் கொடுத்துவிட்டு மேலே மூன்றடியைப் பாடச் சொல்வார்கள். மேடையில் கொடுத்தால் ஆசுகவி. ஒரு வாரம் முன்பே அழைப்பிதழில் அச்சிட்டிருந்தால் அது ஈற்றடிப் போட்டி, ஆசுகவி அல்ல. இரண்டும் நல்லவைதான், பெயர் வேறு.

கவனகத்தை, அதாவது அவதானத்தை, ஆசுகவி என்று எழுதிவிடுவதும் வழக்கமான பிழை. எண்கவனகத்தில் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு ஈடு கொடுக்க வேண்டும். ஈற்றடிக்கு வெண்பா அதில் ஒரு பகுதி. கணக்கு, முதுகில் விழும் பூக்களை எண்ணுவது, கேட்ட சொற்களை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்வது எல்லாம் நினைவாற்றல். எழுதும்போது எட்டையும் பட்டியலிட்டு, வெண்பாவுக்கு மட்டும் "பு" போடுங்கள்.

8. கிட்டார், ராப், நவீன நாடகம்

இங்கே ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களையே கலைஞர்கள் பேசுகிறார்கள். அவற்றைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதலாம். ஜாமிங் என்றால் கூடி உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பது. ஜாஸில் முதலில் வரும் மெட்டு ஹெட், அது பாடம். அதன் கார்டு வரிசையின், அதாவது ஸ்வரக் கூட்டுகளின் வரிசையின், மேல் வரும் சோலோதான் அந்த இடத்தில் பிறப்பது. ஓப்பன் மைக் என்பது மேடையின் ஏற்பாடு மட்டுமே. அங்கே பேசுகிறவர்கள் பெரும்பாலும் எழுதிப் பழகி வருகிறார்கள்.

ராப்பில் ஃப்ரீஸ்டைல் என்ற சொல் இரண்டு விதமாகப் புழங்குகிறது: அங்கேயே அடி கட்டுவது ஒன்று, ஒரு தலைப்புக்குள் அடங்காமல் முன்பே எழுதிய அடிகளைப் பாடுவது இன்னொன்று. எது என்று கேளுங்கள்.

நாடகப் பட்டறையில் இம்ப்ரொவைசேஷன் செய்து காட்சிகளைக் கண்டுபிடித்து, பிறகு கட்டி, ஒத்திகை பார்த்து மேடை ஏற்றுவார்கள். மேடையேறும் இரவில் அது பாடம். "பட்டறையில் பிறந்த காட்சி" என்று எழுதுங்கள்.

9. மைக் அனுமதியும் ஏற்காட்டுப் பனியும்

இது சொல் சம்பந்தப்பட்டதா என்று தோன்றும். நேரடியாகச் சம்பந்தம் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு கொடுக்கலாம். கூத்து விடியும் வரை நடக்கும். ஆகவே நள்ளிரவுக்குப் பிறகு மைக் நிற்கும் என்றே திட்டமிடுங்கள். மிக்ஸரிலிருந்து மட்டும் ஒலி எடுத்துக்கொண்டிருந்தால் பின்னிரவுப் பேச்சு முழுவதும் போய்விடும். உங்கள் கருவியைத் தனி ஸ்டாண்டில், ஆடுமிடத்துக்கு இரண்டு மூன்று மீட்டருக்குள் வையுங்கள்.

அனுமதி மனு விழாக் குழுவின் பொறுப்பு. உள்ளூர்க் காவல் நிலையத்தில், இடம், நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், பொறுப்பாளர் விவரத்தோடு எழுத்தில் கொடுக்க வேண்டும். பத்து நாளாவது முன்னதாகக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மனுவில் "தெருக்கூத்து" என்று கலையின் பெயர் இருக்கட்டும். "பல்சுவைக் கலை நிகழ்ச்சி" என்று போட்டால் வேறு வகை நிகழ்ச்சியோ என்ற கேள்வி வரும்.

பதிவுக்கு ஒரு கணக்கு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் மணிக்குச் சுமார் 1 ஜிபி. எட்டு மணி நேரத்துக்கு 32 ஜிபி கார்டு தாராளம். பல கருவிகள் 4 ஜிபி வந்ததும் கோப்பைப் பிரித்துவிடும், அதாவது ஏறத்தாழ நாலு மணி நேரத்தில். இரண்டாவது கோப்பின் நேரம் பூஜ்ஜியத்தில் தொடங்கும். குறிப்பேட்டில் கருவியின் நேரத்தை நம்பாமல் கடிகார நேரத்தை எழுதுங்கள்.

ஏற்காட்டில் நிகழ்ச்சி என்றால், மே மாதக் கோடை விழாவிலும்கூட மாலைப் பனியில் தோல் வாத்தியங்கள் தொய்யும். மிருதங்கத்துக்கு அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டும், பறையைத் தீயில் காய்ச்ச வேண்டும். காய்ச்சும் நேரத்தில் யாராவது பேசுவார்கள் அல்லது பாடுவார்கள். ஐந்தாவது படியில் சொன்ன அதே காத்திருப்புதான் இது, கருவி ஓடட்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இரவில் இறங்குவதை நம்பித் திட்டம் போடாதீர்கள், தங்கும் செலவைப் பட்ஜெட்டில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

10. ஒப்புதல், உரிமை, விண்ணப்பம்

எழுதி வைக்காத கலைக்கு உரிமை கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு நிகழ்த்துநர் உரிமையைத் தருகிறது. நேரில் நிகழ்த்தினாலே உரிமை வந்துவிடுகிறது. நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டு நீடிக்கிறது. சொந்த உபயோகத்துக்கும் உண்மையான கற்பித்தல், ஆய்வுக்கும் பதிவு செய்வதற்கு விலக்கு உண்டு. இணையத்தில் ஏற்றவோ விற்கவோ நினைத்தால் கலைஞரின் எழுத்து ஒப்புதல் வேண்டும்.

ஒப்புதல் கடிதம் ஒரு பக்கம் போதும். நிகழ்ச்சி, நாள், இடம், என்ன பயன்பாடு, எவ்வளவு காலம், எந்தெந்த நாடுகள், எவ்வளவு தொகை, கையொப்பம். காலத்தை எழுதாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கு என்றும், இடத்தை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். கூத்தென்றால் வாத்தியாரிடம் மட்டும் வாங்கினால் போதாது. கோமாளி, பின்பாட்டு, மேளம் எல்லோரும் நிகழ்த்துநர்களே. நிகழ்ச்சிக்கு முன் வாங்குங்கள். விடிந்ததும் ஆளுக்கொரு பேருந்து ஏறிவிடுவார்கள்.

அன்று பிறந்த பாட்டைக் கலைஞர் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிய விரும்பினால், இலக்கியப் படைப்புக்கோ இசைப் படைப்புக்கோ கட்டணம் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். விண்ணப்பித்தபின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு கட்டாயம். சான்றிதழ் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். பதிவு கட்டாயமில்லை, சான்றாகப் பயன்படும். நாள், நேரத்தோடு கூடிய உங்கள் விவரத்தாளையும் சான்றிதழின் நகலோடு கலைஞர் வைத்துக்கொள்ளட்டும்.

கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அளவிலான விருதுகள் வயதைப் பொறுத்தவை: 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66 முதல் கலை முதுமணி. அறிவிப்பு வந்தபின் கிடைக்கும் நாள்கள் குறைவு. வயதுச் சான்று, புகைப்படம், நிகழ்ச்சி அழைப்பிதழ்கள், சான்றிதழ் நகல்கள் கொண்ட ஒரு கோப்பை ஆண்டு முழுவதும் தயாராக வைத்திருங்கள். சேலத்திலேயே மண்டலக் கலை பண்பாட்டு மையம் உள்ளது. அந்த ஆண்டின் படிவத்தை அங்கே கேட்டு வாங்குங்கள்.

படிவத்தில் கலைப் பிரிவு என்ற இடத்தில் "தெருக்கூத்து", "உடுக்கைப் பாட்டு", "மிருதங்கம்" என்று மட்டும் எழுதுங்கள். "உடனடிக் கலைஞர்", "கற்பனைக் கலைஞர்" என்று எழுதினால் படிவத்தைப் பார்ப்பவர் எந்தப் பிரிவில் சேர்ப்பது? நுட்பத்துக்குச் சாதனை விவரத்தில் இடம் உண்டு. "30 ஆண்டுகளாகக் கோமாளி வேடம், ஒவ்வொரு ஊரின் நடப்பையும் மேடையிலேயே பேச்சாக அமைப்பவர்" என்று இரண்டு வரி எழுதி, அதற்குச் சான்றாக நேரக் குறிப்புள்ள விவரத்தாளை இணையுங்கள்.

கடைசியாக, தாளை முடித்ததும் கலைஞருக்கு வாசித்துக் காட்டுங்கள், முக்கியமாக "கோ", "பு" போட்ட இடங்களை. அவர் திருத்தம் சொன்னால் அன்றே திருத்தி, திருத்திய தேதியை ஓரத்தில் போட்டு, ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள்.